கிராணியார் வீட்டுக் கணினிக்கு ஒரு நிலையான எண்

வீட்டுக் கணினிக்கு நிலையான முகவரி வேண்டும் என்று யாராவது கேட்டால், உங்களில் பெரும்பாலோர் இப்போது காப்பி ஆறுவதற்குள் செய்து கொடுத்துவிடுவீர்கள். எந்தப் பக்கத்தைத் திறந்து எந்தக் கட்டத்தில் எதை எழுத வேண்டும் என்று நான் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. நான் எழுத வந்தது அதற்கு முன்னால் கேட்க வேண்டிய ஒரு கேள்வியைப் பற்றி. கேட்பவருக்கு உண்மையில் எது மாறாமல் இருக்க வேண்டும்? கோலாலம்பூருக்குத் தெற்கே, கெமாஸுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில், கணக்கு எழுதும் ஒரு கிராணியார் வீட்டில், அந்தக் கேள்வி எனக்குப் பிடிபட்டது. வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு அது உதவலாம் என்று எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. சுங்கை காடுட்டில் ஒரு தொழிற்சாலையில் மின்பலகைகளைச் சோதிக்கும் வேலையை விட்டுவிட்டு, சிரம்பானில் லோபாக் பகுதியில் கம்ப்யூட்டர் விற்றுப் பழுதும் பார்க்கும் ஒரு கடையில் சேர்ந்திருந்தேன். பழுது பார்ப்பவர்கள் நானும் ஒரு சீனியரும் மட்டும்தான். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. என்ன செய்யலாம் என்று கேட்டால் பதில் சொல்ல மாட்டார். "யாருக்கு வேணும்? எப்போ வேணும்? இல்லாட்டி என்ன ஆகும்?" என்று மூன்று கேள்வியைத் திருப்பிக் கேட்டுவிட்டு, திருப்புளியோடு தன் வேலைக்குப் போய்விடுவார். எனக்கு எரிச்சலாக வரும். பிறகு வேலைக்குப் போகிற வழியெல்லாம் அந்த மூன்று கேள்வியும் கூடவே வரும்.

ஒரு நாள் அந்தக் கிராணியார் கடைக்குப் போன் செய்தார். பெயர் சுப்பையா. தோட்டத்து அலுவலகத்தில் கணக்கு எழுதுபவர், ஓய்வுக்குக் கொஞ்ச காலம் இருந்தது. கணினியை எங்கள் கடையில்தான் வாங்கியிருந்தார். "கனெக்ட் ஆகுதும்மா. ஆனா ஒண்ணும் வர்றதும் இல்ல, போறதும் இல்ல. எம்மக பரீட்சைக்குப் படிக்கணும், கொஞ்சம் சீக்கிரம் வந்தா நல்லாயிருக்கும்."

மகள் பரீட்சைக்கும் தோட்டத்தில் இருக்கும் கணினிக்கும் என்ன தொடர்பு என்று யோசித்துக்கொண்டேதான் சிரம்பானில் ரயில் ஏறினேன். கெமாஸில் அவர் மோட்டார் சைக்கிளோடு காத்திருந்தார்.

அவர் மகள் வாணிக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. கோலாலம்பூரில் பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்துக்கொண்டிருந்தாள், கடைசி ஆண்டு. மலாயிலும் ஆங்கிலத்திலும் புத்தகத்தை வாசித்துக் காட்ட அங்கே ஆட்கள் இருந்தார்கள். தமிழ் இலக்கண உரையை வாசிக்க யாரும் இல்லை. ஆகவே அவளுடைய புத்தகத்தில் இன்னொரு பிரதி வாங்கி, தினம் வேலை முடிந்து வந்ததும் கூடத்தில் உட்கார்ந்து கணினி முன்னால் சத்தமாக வாசிப்பார் சுப்பையா. அந்தக் குரல் கணினியில் பதிவாகும். முன்பு கேசட்டில் பதிந்து தபாலில் அனுப்பினார். கேசட் போய்ச் சேர்வதற்குள் வகுப்பு அடுத்த பாடத்துக்குப் போய்விடும். அதனால் கணினி. மாலை ஏழு மணிக்கு இவர் இங்கே இணையத்தில் ஏறுவார். வாணி அங்கே பார்வையற்ற மாணவர்களுக்கான அறையில், எழுத்தைப் பேசிக் காட்டும் கணினி முன்னால் உட்கார்ந்து, அப்பாவின் கணினிக்குள் நுழைந்து அன்றைய குரலை எடுத்துக்கொள்வாள். ஒன்பது மணிக்கு அந்த அறையை மூடிவிடுவார்கள்.

இதில் ஒரே ஒரு சிக்கல். தொலைபேசி வழியாக இணையத்தில் ஏறிய காலம் அது. ஏறும் ஒவ்வொரு முறையும் கணினிக்கு ஒரு புதிய எண் கிடைக்கும். அந்த எண் தெரியாமல் வாணியால் உள்ளே வர முடியாது. எண்ணைச் சொல்லப் போன் செய்யலாம் என்றால், இருந்த ஒரே லைனையும் கணினி பிடித்திருக்கும். கணினியை இறக்கிவிட்டுப் போன் செய்தால் அந்த எண்ணே போய்விடும்.

"அப்போ இத்தன நாளா எப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"நம்பர தாள்ல எழுதிக்குவேன். மோட்டார எடுத்துக்கிட்டு சிம்பாங்ல, முச்சந்தியில இருக்கிற கடைக்குப் போவேன். அங்க பொதுப்போன் இருக்கு. ஹாஸ்டலுக்கு அடிச்சு சொல்லிட்டுத் திரும்பி வருவேன். வந்து பாத்தா சில நாள் லைன் கட்டாயிருக்கும். மறுபடி ஏறணும், மறுபடி மோட்டாரு."

"ஈமெயில்ல அனுப்பலாமே."

"அனுப்பிப் பாத்தேன். அது போய்ச் சேர்றதுக்குள்ள லைன் விழுந்திடும். அவ பழைய நம்பர வச்சுக்கிட்டுத் தட்டிக்கிட்டே இருப்பா. யாரு வீட்டுக் கதவோ தெரியல."

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார்.

பிறகு கணினியைத் திறந்து பார்த்தேன். எண்ணைத் தானாக வாங்கிக்கொள் என்று இருக்க வேண்டிய இடத்தில் ஓர் எண்ணைத் தட்டெழுதி வைத்திருந்தார்.

"இது யாரு போட்டது?"

"நாந்தான். நானா ஒண்ணும் கற்பனை பண்ணல. முந்தாநாள் அவங்க குடுத்த நம்பர்தான். ஒருதடவ குடுத்தாச்சுன்னா அது நம்மளுதுதானே?"

எங்கே தவறினார் என்பது எனக்குச் சட்டென்று புரிந்தது, ஏனென்றால் நானும் தோட்டத்தில் பிறந்தவள்தான். தோட்டத்தில் செக்ரோல் என்று ஒரு பேரேடு உண்டு. வேலைக்குச் சேர்பவருக்கு அதில் ஓர் எண் போடுவார்கள். மரம் மாறலாம், மேற்பார்க்கும் மண்டோர் மாறலாம், குடியிருக்கும் லயமே மாறலாம். வேலையை விடும் வரைக்கும் அந்த எண் அவருடையது. வாழ்நாள் முழுக்க அந்த எண்களை எழுதிய மனிதர், இணைய நிறுவனம் கொடுத்த எண்ணையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர் பத்திரிகை வாசித்த ஒரு டவுன் பையனுக்கு இந்தத் தவறு வந்திருக்காது.

"இது செக்ரோல் நம்பர் இல்லங்க ஐயா. கிளினிக்ல குடுக்கற டோக்கன் மாதிரி. டாக்டரப் பாத்துட்டு வெளிய வந்தா அத வேற ஆளுக்குக் குடுத்திடுவாங்க. நீங்க நேத்து டோக்கன வச்சுக்கிட்டு இன்னிக்கி வரிசையில நின்னீங்க. அதான் ஒண்ணும் நடக்கல."

அவர் திருப்பிக் கேட்டார். "வெளியவே வராம உள்ளயே உக்காந்துக்கிட்டா?"

"உக்காந்திருக்கிற வரைக்கும் அதே டோக்கன்தான்."

அது சரியான பதில். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். எண்ணை அழித்து, பழையபடி தானாக வாங்கிக்கொள்ளும்படி வைத்துவிட்டு ரயிலேறினேன். மறுநாள் கடையில் விவரம் சொன்னபோது சீனியர் தலையை நிமிர்த்தாமல் கேட்டார். "அந்த வீட்டு லைன வேற யாரெல்லாம் பாவிக்கிறாங்க?" தெரியாது என்றேன்.

அடுத்த வாரம் சுப்பையா மறுபடி அழைத்தார், அலுவலகத்துப் போனிலிருந்து. "நம்பர் இப்ப மாறவே இல்லம்மா. மூணு நாளா அதே நம்பர். ஆனா என்னிக்காச்சும் தானா விழுந்திடுமோன்னு பயமா இருக்கு. விழவே கூடாது, அதுக்கு எதாச்சும் செஞ்சு குடு. வர்ற வெள்ளிக்கிழமை அவளுக்கு இலக்கணப் பரீட்சை. அதுல தவறினா ஒரு வருஷம் போச்சு."

புதன்கிழமை மாலை நான் போய்ச் சேர்ந்தபோது வாணி ஏற்கெனவே உள்ளே இருந்தாள், அதாவது அவருடைய கணினிக்குள். திரையில் கோப்பு மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. ஒரு மணி நேரத்துக் குரல், ஒரே கோப்பாக. அது போய்ச் சேர எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று உங்களுக்குச் சொன்னால் சிரிப்பீர்கள். சுப்பையா திரையைப் பார்த்தபடி நின்றிருந்தார். நான்கு நாளாக லைனை அவர் விடவே இல்லை. எண்ணைக் காப்பாற்றுவதற்காக ராத்திரி பகலாகக் கணினியைத் தொலைபேசியில் ஏற்றியே வைத்திருந்தார்.

அப்போது வாசலில் ஒரு குரல். "ஐயா, ஒங்க போன் செத்துப்போச்சா?"

வந்தவர் பாக்கியம் அக்கா. பின் லயத்தில் குடியிருப்பவர், பால்மரம் சீவும் வேலை. அவருடைய கணவருக்கு இனிப்பு நீர் நோய் முற்றிக் காலில் புண். சிரம்பான் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள், துணைக்கு மகன் இருந்தான். லயத்தில் யார் வீட்டிலும் போன் கிடையாது. அந்தத் தோட்டத்தில் எல்லாரும் தங்களுடைய எண் என்று வெளியே கொடுத்து வைத்திருந்தது இந்த வீட்டு எண்ணைத்தான்.

"மவன் நாலு நாளா அடிக்கிறானாம். எந்நேரமும் எங்கேஜ்டாம். லோரிக்காரர்கிட்ட சொல்லிவிட்டிருக்கான். இன்னிக்கி சாயங்காலம் காலுக்கு ஆப்பரேஷனாம். முடிஞ்சதும் ஏழரைக்கு அடிக்கிறேன்னு சொன்னானாம்."

கூடத்துக் கடிகாரத்தில் ஏழரை ஆகப் போகிறது. கோப்பு பாதி தாண்டியிருந்தது. இப்போது லைனை விட்டால், போனது அத்தனையும் வீண். முதலிலிருந்து தொடங்க வேண்டும், அதுவும் புதிய எண்ணில். அந்தப் புதிய எண் வாணிக்குத் தெரியாது.

"இன்னும் கொஞ்ச நேரம் பாக்கியம்," என்றார் சுப்பையா. "புள்ள பாடம் போய்க்கிட்டிருக்கு."

"படிக்கட்டும் ஐயா, படிக்கட்டும். எம்புருஷன் கால வெட்டினா அதுக்குள்ள வேற காலு மொளச்சிடாது, நான் இருக்கேன்." வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

சுப்பையா என்னைப் பார்த்தார். இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்கிற பார்வை. நான் சொல்லியிருக்கலாம், திரையிலேயே தெரிந்தது. ஆனால் அந்த நேரத்தில் எனக்குள் ஓடியது சீனியரின் மூன்றாவது கேள்விதான். இல்லாட்டி என்ன ஆகும்? கோப்பு அறுந்தால் மறுபடி அனுப்பலாம். மகன் ஆஸ்பத்திரியில் பொதுப்போன் வரிசையில் நின்று அடிக்கிறான். அவனுக்கு எங்கேஜ்டு வந்தால் இந்த அம்மா இன்னொரு ராத்திரி தெரியாமலே படுக்கப் போவார். இரண்டையும் எடைபோட எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. ஆனால் லைன் என்னுடையது அல்ல, மகளும் என்னுடைய மகள் அல்ல.

"ஐயா, கோப்ப நான் திரும்ப அனுப்பி வைக்கிறேன். அதுக்கு வழி பண்ணிட்டுத்தான் போவேன். போன் வர்றத என்னால திரும்ப வர வைக்க முடியாது," என்றேன்.

அவர் என் கையில் விடவில்லை. தானே மௌஸைப் பிடித்து, தானே துண்டித்தார்.

மூன்று பேரும் போனைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். அது உடனே அடிக்கவில்லை. ஏழரை தாண்டியும் அடிக்கவில்லை. சுப்பையாவின் பார்வை திரைக்கும் போனுக்கும் போய்ப் போய் வந்தது. பிறகு அடித்தது.

பாக்கியம் அக்கா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டார். அதிகம் பேசவில்லை. "ம்... ம்... எத்தன? ... சரி. சாப்பிட்டியா நீ?" வைத்துவிட்டுத் திரும்பினார். "ரெண்டு வெரல் போச்சாம். காலு இருக்கு."

சுப்பையா நாற்காலியில் உட்கார்ந்தார். "தேவலாம் லா," என்றார் மெதுவாக.

"தேவலாம்தான். ஒங்க புள்ளைக்குத்தான் கெடுத்திட்டேன். மறுபடி கூப்பிட முடியாதா?"

முடியாது, எண் மாறிவிட்டது, அவளுக்குப் புது எண் தெரியாது என்று நான் விளக்கினேன். பாக்கியம் அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டு, "என்னாங்கம்மா இது? நாங்க இந்த லயம் அந்த லயம்னு மாறிக்கிட்டேதான் கெடக்கோம். எங்களத் தேடறவனெல்லாம் கிராணி வூட்டுக்கு அடிச்சுக் கேட்டுக்கிறான். இந்தக் கம்ப்யூட்டரத் தேட ஒரு கிராணி வூடு இல்லியா?" என்றார். நையாண்டிதான். சுப்பையா சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

நானும் அவரும் இவ்வளவு நாளும் எண்ணைப் பிடித்து நிறுத்தப் பார்த்துக்கொண்டிருந்தோம். எண் ஓடட்டும். எண் என்ன என்று கேட்பதற்கு ஓர் இடம் மட்டும் மாறாமல் இருந்தால் போதும். அப்படி ஓர் இடம் ஏற்கெனவே இருந்தது. இணைய நிறுவனம் ஒவ்வொரு சந்தாதாரருக்கும் தன் கணினியில் கொஞ்சம் இடம் இலவசமாகக் கொடுத்திருந்தது. ஒரு நாள் குரலைக்கூட வைக்க முடியாத அளவுக்குச் சின்ன இடம், அதனால் யாரும் அதைத் திரும்பிப் பார்த்ததில்லை. ஆனால் ஓர் எண்ணை மட்டும் எழுதிய ஒரு பக்கத்தை வைக்க அது தாராளம். அதன் முகவரி மாறவே மாறாது.

போன் மறுபடி அடித்தது. வாணி, பல்கலைக்கழகத்துப் பொதுப்போனிலிருந்து; அவள் குரல் எங்களுக்கும் கேட்டது. "அப்பா, பாதியில நின்னுபோச்சு. லைன் விழுந்திடுச்சா?"

"நாந்தான் விட்டேன்மா. பாக்கியத்து வீட்டுக்காரருக்கு ஆப்பரேஷன். போன் வர வேண்டியிருந்திச்சு."

"மாமாவுக்கு எப்படி?"

"ரெண்டு வெரல். காலு இருக்கு."

"அப்பாடா. அது சரிப்பா, நாலு நாளா லைன அடைச்சா வச்சிருந்தீங்க? எனக்காகவா? லயத்துல எல்லாரும் ஏசியிருப்பாங்களே."

"யாரும் ஏசலயே," என்றார்.

"ஏசினோம், ஏசினோம்," என்றார் பாக்கியம் அக்கா வாசலிலிருந்து.

நான் போனை வாங்கி அந்தப் பக்கத்தின் முகவரியை எழுத்து எழுத்தாகச் சொன்னேன். அவள் பிரெயில் சட்டத்தில் குத்திக்கொள்ளும் ஓசை டக் டக்கென்று எனக்குக் கேட்டது. "இது மாறாதா அக்கா?" என்றாள்.

"இது மாறாது. இதுக்குள்ள இருக்கிற நம்பர் மாறும். லைன் விழுந்தா கொஞ்சம் பொறுத்து மறுபடி இங்க வந்து பாருங்க."

"அப்போ இன்னொண்ணு செய்யுங்க. ஒரே கோப்பா வைக்காம சின்னச் சின்னதா வெட்டி வைங்க. விழுந்தாலும் ஒரு துண்டுதானே போகும்."

அது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. பயன்படுத்துகிறவரிடம் கேட்டால் பாதி வேலை முடிந்துவிடும் என்று நான் உங்களுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பது அதனால்தான். விழாமல் இருக்க வழி செய்வது ஒரு வேலை. விழுந்தால் குறைவாக இழக்கும்படி செய்வது வேறொரு வேலை. இரண்டாவதை முதலில் செய்யுங்கள்.

கோப்பைத் துண்டாக்கி, மறுபடி ஏறி, புது எண்ணை அந்தப் பக்கத்தில் எழுதினோம். அன்றிரவு அறை மூடுவதற்குள் அவளுக்குப் பாதிக்குக் கொஞ்சம் மேலே போய்ச் சேர்ந்தது. மீதியும், சுப்பையா இன்னும் வாசித்தே முடிக்காத கடைசிப் பகுதியும் மறுநாள் போக வேண்டும். இணையத்தில் ஏறியதும் எண்ணைப் பார்த்து அந்தப் பக்கத்தில் எழுதிவிட அவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். அதைத் தானாகச் செய்யும் ஒரு சிறு நிரலைப் பிற்பாடு சீனியரும் நானும் எழுதிக் கொடுத்தோம். ஆனால் அந்த வியாழக்கிழமை எல்லாமே அவர் கையால்தான் நடந்தது.

மாலை ஏழு மணியிலிருந்து கடையில் எனக்கு வேலையே ஓடவில்லை. சீனியர் கவனித்துவிட்டு, "யாருக்கு வேணும்?" என்றார். சொன்னேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, கடைக் கணினியில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்தார். ஓர் எண் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பத் திறந்தால் வேறு எண். இன்னும் கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. தோட்டத்தில் யாரோ போன் கேட்டு வருகிறார்கள், அவர் விடுகிறார், மறுபடி ஏறுகிறார், எழுதுகிறார். அந்த வீட்டில் நடப்பதையெல்லாம் லோபாக்கில் உட்கார்ந்து நாங்கள் பார்த்துக்கொண்டிருப்பது போல இருந்தது. "கெட்டிக்கார ஆளு," என்றார் சீனியர். அவர் யாரையாவது பாராட்டிக் கேட்டது எனக்கு நினைவில் குறைவு. வாணி ஒவ்வொரு முறையும் புதிய எண்ணைக் கண்டுபிடித்தாளா இல்லையா என்பதுதான் எங்களுக்குத் தெரியவில்லை.

பரீட்சை விடுமுறையில் அப்பாவும் மகளும் கடைக்கு வந்தார்கள். அவள் சுப்பையாவின் முழங்கையைப் பிடித்தபடி நடந்து வந்தாள், அவரைவிட உயரம்.

"எல்லாத் துண்டும் கெடச்சிச்சா?" என்று முதல் கேள்வியாகக் கேட்டேன்.

"கெடச்சிச்சு அக்கா. கடைசித் துண்டு வந்ததும் லைட்ட அணைச்சிட்டாங்க. எனக்கு லைட் எதுக்கு, நான் கேட்டுக்கிட்டே இருந்தேன்." பரீட்சை நன்றாக எழுதியிருப்பதாகச் சொன்னாள். முடிவு வரவில்லை, ஆனால் அவள் குரலில் சந்தேகம் இல்லை.

சுப்பையாவுக்கு மட்டும் ஒரு குறை. லைனை விட்ட பிறகு வீட்டில் போன் அடிக்க ஆரம்பித்துவிட்டது. வியாழக்கிழமை அவர் வாசித்துக்கொண்டிருந்தபோதே நாலைந்து தரம் அடித்ததாம். எல்லாம் பதிவாகிவிட்டது. திரும்ப வாசித்துப் பதிய நேரமில்லாமல் அப்படியே அனுப்பினாராம். "வெளிச்சத்தம் எடுக்காத மைக் ஒண்ணு இருக்காமே, அது வேணும்மா. பாடத்துக்கு நடுவுல பாக்கியம் நின்னுக்கிட்டு, போன்ல அவ புருஷங்கிட்ட, கஞ்சி குடிச்சீங்களா, கால நீட்டி வச்சிருக்கீங்களான்னு கேக்கிறது விழுந்திருக்கு. எனக்கே வெக்கமா இருக்கு."

அப்படிப்பட்ட மைக் ஒன்று அலமாரியில் இருந்தது. எடுக்கத் திரும்பினேன்.

"அக்கா," என்றாள் வாணி. "பரீட்சையில ஒரு விதி கேட்டிருந்தாங்க. பேரு ஞாபகம் இருக்கு, விதி வரல. ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். அப்புறம் அது பாக்கியம் அத்தை கஞ்சி கேட்ட எடத்துக்கு அடுத்தாப்புல வந்ததுன்னு தோணிச்சு. அங்கயிருந்து அப்பா வாசிச்சது வரிசையா வந்திடுச்சு."

சுப்பையா அவளைப் பார்த்தார்.

"சாதாரண மைக்கே குடுங்க அக்கா," என்றாள்.